சீனிச் சம்பலில் மாசியைக் காணோம்

2022 ஜூலை 9ஆம் திகதி கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது. நீச்சல் குளத்தில் குதித்தார்கள். ஜனாதிபதியின் கட்டிலில் உருண்டு பார்த்தார்கள். அந்தக் களேபரத்துக்குள் சில இளைஞர்கள் கட்டுக்கட்டாகப் புது நோட்டுக்களைக் கண்டெடுத்து, இருந்து எண்ணினார்கள். 1 கோடி 78 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்று முதுகு நொந்த நாட்டின் பிள்ளைகள், எண்ணி முடித்து அதைப் பொலிஸில் ஒப்படைத்தார்கள். மாளிகைக்கு அன்று வந்தவர்களில் காசைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். மாளிகைக்கு முன்பு வந்துபோனவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து, 13ஆம் திகதி விடியுமுன், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ விமானப்படை விமானமொன்றில் மனைவியோடும் இரண்டு மெய்ப்பாதுகாவலரோடும் மாலைதீவுக்குப் பறந்தார்.

அது யாருடைய காசு என்று ஊரெல்லாம் கேட்டது. நீதிமன்றமும் கேட்டது. எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய அக்கறை இல்லை. இவ்வளவு காசையும் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதுதான் எனக்குப் புதினமாக இருந்தது. கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன், விளங்கிவிட்டது. மாலைதீவின் காசு ருஃபியா. அந்த வாரம் ஒரு ருஃபியாவுக்கு இலங்கை ரூபாய் 23 கொடுக்க வேண்டும். மூட்டை முழுவதையும் தூக்கிக்கொண்டு போனாலும் ஏழரை இலட்சம் ருஃபியா சொச்சம்தான் தேறும். அதுவும் மாலே விமான நிலையத்தில் இலங்கை ரூபாயை வாங்க ஒருவர் மனமிரங்கினால். நாட்டின் நோட்டு என்ன பெறும் என்பதை நாட்டில் சரியாக அறிந்து வைத்திருந்தவர் அந்த நோட்டை அடிக்க விட்டவர்தான். சுமை கூலிகூடக் கட்டாது என்று தெரிந்திருக்கும்.

அவர் 2019 நவம்பரில் பதவியேற்றபோது ஒரு ருஃபியாவின் விலை ஏறத்தாழ 12 ரூபாய். ஓடிய அன்று 23. தன் ஆட்சியின் மதிப்பெண்ணைத் தானே பார்க்கும்படி, போய் இறங்கிய ஊரின் காசில் எழுதி வைத்திருந்தது காலம்.

இந்த இரண்டு காசும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வெள்ளியைக் குறிக்கும் ‘ரூப்ய’ என்ற வடசொல்தான் இங்கே ரூபாய், அங்கே ருஃபியா. மாலைதீவு பிரித்தானியரின் பாதுகாப்பில் கொழும்பின் கண்காணிப்பில் இருந்த காலத்தில் அங்கே புழங்கியது இலங்கை ரூபாய். 1940களின் இறுதியில்தான் அவர்கள் சொந்தமாக நோட்டு விட்டார்கள். 1981இல் தங்களுக்கென்று ஒரு நாணய அதிகாரசபையை அமைத்தார்கள். அந்த வருடம் ஒரு ருஃபியா வாங்க நமக்கு இரண்டரை ரூபாய் போதும். 1994இல் நாலு ரூபாய் சொச்சம். 2001இல் ஏழு. 2021இல் 13. 2022 மே மாதம் 23 ரூபாயைத் தாண்டியது.

மறுபக்கத்தில் இருப்பது என்ன வல்லரசா? சுமார் ஐந்து இலட்சம் சனம். மீன், மணல், கடல். அரிசியில் தொடங்கிக் கட்டடக் கல் வரை கப்பலில் வந்திறங்க வேண்டும். நம்மிடம் தேயிலை இருக்கிறது, இறப்பர் இருக்கிறது, கறுவா இருக்கிறது, மாணிக்கக்கல் இருக்கிறது, ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, சவூதியிலும் குவைத்திலும் வீடு துடைத்து டொலர் அனுப்பும் பெண்கள் இருக்கிறார்கள். இத்தனையையும் வைத்துக்கொண்டு நாற்பது வருடத்தில் மணல்திட்டுக்களிடம் ஒன்பது மடங்கு தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அந்தத் திறமைக்கு நம் நாட்டில் ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை.

இன்னொரு பழங்கதை. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டொலருக்கு 4.76 என்றிருந்தது 7.50 ஆயிற்று. இலங்கை ரூபாய் 4.76இலேயே நின்றது. அதாவது, அந்த நாட்களில் ஒரு இலங்கை ரூபாயைக் கொடுத்தால் இந்திய ரூபாய் ஒன்றரைக்கு மேல் கிடைக்கும். இதை இன்றைய பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். தாத்தாவுக்கு மாத்திரை மாறிவிட்டது என்று நினைப்பார்கள்.

என் வீட்டில் நாணயமாற்று விகிதத்தைப் பார்க்க மத்திய வங்கியின் அறிக்கை தேவைப்பட்டதில்லை. சீனிச் சம்பல் போதும். வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, செத்தல் மிளகாய், புளி, சீனி, கறுவா எல்லாம் போட்டாலும், மாசி விழாவிட்டால் அது சம்பல் ஆகாது. அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காய்ந்து, கட்டை மாதிரி இறுகிப்போன சூரை மீன். நல்ல மாசி என்றால் மாலைதீவு மாசி. உள்ளூரிலும் செய்கிறார்கள். ஆனால் அம்மாவின் அகராதியில் அது கருவாடு.

அம்மா காலத்தில் மாசி உரலில் இடிபடும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பிறகு அது அம்மியில் தட்டுப்படும் சத்தமாகச் சுருங்கியது. பிறகு பைக்கற் தூள். 2022 பிற்பகுதியில் வெள்ளவத்தைக் கடையொன்றில் மாசி கேட்டேன். கடைக்காரத் தம்பி உள்ளே போய் ஒரு கட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான்: “அண்ணை, வாங்கப் போறியளோ, இல்லை பாத்திட்டுத் திருப்பித் தரப் போறியளோ?” நான் விலை கேட்டேன். அவன் சொன்னான். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

இனி டொலரின் 203 ரூபாய்க் கதைக்கு வருவோம். எனக்குக் கோபம் வரும் இடம் அது.

2019இன் கடைசியில் புது அரசாங்கம் வரியைக் குறைத்தது. பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. வருமானம் விழுந்தது. விழுந்த இடத்தை நிரப்ப மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கித் தள்ளியது. நம் மொழியில் சொன்னால் நோட்டடித்தது. நோட்டடித்தால் விலை ஏறும், காசு இறங்கும் என்பது சந்தையில் கீரை விற்கும் ஆச்சிக்கும் தெரியும். ஆனால் அப்போது மத்திய வங்கி ஆளுநராக இருந்தவர் பேராசிரியர், ஆச்சி பேராசிரியர் இல்லை. 2021 செப்டெம்பரில் அவர் போய் அஜித் நிவாட் கப்ரால் வந்தார். அவர் பொருளியல் பேராசிரியர் இல்லை, கணக்காளர். டொலரின் விலையை 200க்கும் 203க்கும் இடையில் ஆணியடித்து நிறுத்தினார்.

நிறுத்தினார் என்றால், பலகையில் நிறுத்தினார். வங்கிக்குப் போனால் பலகையில் 203. பெட்டிக்குள் சைபர். பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்கென்று டொலர் கேட்டவனுக்கு மனேஜர் தேநீர் கொடுத்தார். கொழும்புத் துறைமுகத்தில் பருப்பும் பால்மாவும் நிரம்பிய கொள்கலன்கள் டொலர் வந்தால் இறக்கலாம் என்று காத்துக் கிடந்தன. வெளியே தெருவில் டொலர் 240க்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே தேநீர் தரமாட்டார்கள், டொலர் தருவார்கள்.

அப்படியென்றால் 203 யாருக்கான விலை? வெறும் பொய் என்று தள்ளிவிடக் கூடாது, பொய்யிலும் சாப்பிட்டவர்கள் உண்டு. ஏற்றுமதியாளர் கொண்டுவந்த டொலரைக் கட்டாயமாக மாற்றச் சொன்னார்கள், அந்த விலைக்கு. மத்திய கிழக்கில் வியர்வை சிந்தியவள் வங்கி வழியாக அனுப்பினால் அந்த விலைக்கு. தருபவர்களுக்கெல்லாம் 203. எடுக்க வருபவர்களில் யாருக்கு 203, யாருக்குத் தேநீர் என்பது மேலிடத்தின் கையில். 2022 ஜனவரி 18ஆம் திகதி, மருந்தும் எரிவாயுவும் வாங்கக் காசில்லாத நாடு, 50 கோடி டொலர் கடன்பத்திரத்தை ஒரு சதமும் குறையாமல், ஒரு நாளும் பிந்தாமல் கட்டி முடித்தது. பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு டொலர் இருந்தது. அடுப்பில் சட்டி வைத்திருந்தவர்களுக்கு இல்லை. அதைக் கௌரவம் என்றார்கள். அந்தக் கௌரவம் சரியாக 84 நாள் நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி, சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அதே நாடு கையை விரித்தது.

வேலைக்குப் போன பெண்கள் முட்டாள்கள் இல்லை. வங்கி 203 தந்தால், வங்கிக்கு வெளியே காசு அனுப்பித் தரும் உண்டியல்காரன் 240 தந்தான். உண்டியலில் போட்டார்கள். 2020இல் 710 கோடி டொலர் வந்த இடத்தில் 2021இல் 549 கோடி வந்தது, 2022இல் 379 கோடி. மத்திய வங்கி பதறிப்போய் 2021 டிசெம்பரில் ஒரு சலுகை அறிவித்தது: வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்குப் பத்து ரூபாய் கூடுதலாகத் தருவோம். முப்பது, நாற்பது ரூபாயைப் பறித்துக்கொண்டு பத்து ரூபாயைப் பரிசென்று நீட்டினார்கள். பிக்பொக்கெற் அடித்தவன் பஸ் காசைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. அவனுக்காவது கொஞ்சம் வெட்கம் இருந்திருக்கும்.

உண்டியல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. போர்க்காலத்தில் அது தமிழன் வீட்டுச் சொல். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் அண்ணன் அனுப்பிய காசு அந்த வழியில்தான் வடக்குக்கு வந்தது. அந்தச் சொல்லைச் சோதனைச் சாவடியில் வாய்தவறிச் சொன்னால் வீடு திரும்புவது நிச்சயமில்லை. 2021இல் காலியிலும் குருநாகலிலும் கண்டியிலும் சனம் அதையே செய்தது. அப்போது அதற்குப் பெயர் ‘முறைசாரா வழி’. அதிலும் சொல் மாற்று விகிதம் ஒன்று இருக்கிறது பாருங்கள்.

2022 மார்ச் 7ஆம் திகதி ஆணி கழன்றது. மத்திய வங்கி 230 வரை விடலாம் என்றது. அந்தக் கோட்டை ரூபாய் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாதம் முடிவதற்குள் 300 வரை போனது. மே மாதம் 360. கையிருப்பில் உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடியது 5 கோடி டொலர்கூட இல்லை என்று நிதி அமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். மேல் மாகாணப் பாடசாலைகளில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள். நோட்டடிக்கக் கடதாசி கிடைத்தது, வினாத்தாள் அடிக்கக் கிடைக்கவில்லை. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட நின்றது. சம்பளம் அதே சம்பளம். திருட்டு என்று யாரும் முறைப்பாடு செய்யவில்லை, ஏனென்றால் எண்ணிப் பார்த்தால் நோட்டு அத்தனையும் சரியாக இருந்தது.

இது புதுக் கைவரிசையும் இல்லை. 1968இலேயே ஒரு நாட்டுக்குள் இரண்டு விலை வைத்துப் பழகியவர்கள் நாங்கள். அரிசி, மாவு போன்றவற்றுக்கு டொலர் 5.95. மற்றவற்றுக்கு அதன் மேல் 44 சதவீதம் கட்டிச் சான்றிதழ் எடுக்க வேண்டும், பின்னர் அதுவும் 55, 65 என்று ஏறியது. 1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் இரண்டையும் ஒன்றாக்கி 16 ரூபாயில் மிதக்க விட்டது. மிதக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். கரையில் நின்ற எங்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

மாலைதீவுக்காரர் மட்டும் உத்தமர்களா என்று கேட்பீர்கள். 2011 ஏப்ரலில் அவர்களும் ஒரு வேடிக்கை செய்தார்கள். அதுவரை டொலருக்கு 12.80 என்று பத்து வருடம் கட்டிவைத்திருந்த ருஃபியாவை, 12.85ஐ நடுவில் வைத்து இருபது சதவீதம் மேலேயும் கீழேயும் ஆடலாம் என்று அவிழ்த்துவிட்டார்கள். 10.28 வரை இறங்கலாம், 15.42 வரை ஏறலாம். அது அவிழ்த்துவிட்ட கையோடு 15.42இல் ஏறிக் குந்தியது. அன்று குந்தியதுதான். மாலே வீதிகளில் சனம் கத்தியது. ஜனாதிபதிகள் வந்தார்கள், போனார்கள், ஒருவர் பொலிஸ் கலகத்தோடு போனார், தீவுக் குத்தகையில் கோடிக்கணக்கான டொலர் களவு போனது, கொரோனா வந்தது. 15.42 அசையவில்லை. அந்தத் தீவுகளில் கடல் மட்டத்தைத் தவிர ஏறாமல் இருக்கும் பொருள் அது ஒன்றென்று சொல்லலாம் என்றால், கடல் மட்டமும் ஏறுகிறது.

அங்கேயும் அதே பலகை, அதே பெட்டி. ஆயிரம் தீவுகளில் ஒரு இரவுக்கு ஆயிரம் டொலர் வாங்கும் விடுதிகள். அறை வாடகை டொலரில், சாராயம் டொலரில், பவளப்பாறை பார்க்கக் கண்ணாடிப் படகு டொலரில். மாலேயில் இருக்கும் கிழவர் இருதய நோய்க்குத் திருவனந்தபுரத்துக்கோ கொழும்புக்கோ வர வேண்டுமென்றால், வங்கி அளந்து தரும் சொட்டு டொலர். மிச்சத்துக்குத் தெருவில் 17, 18 என்று கொடுக்க வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் அவர்களுடைய பெரிய வங்கி ருஃபியா அட்டைகளில் டொலர் செலவை நிறுத்துவதாக அறிவித்து, ஊர் கொந்தளித்ததும் அன்றைக்கே திருப்பி எடுத்தது. அந்த வருடம் இந்தியா 40 கோடி டொலர் நாணய மாற்றுக்குக் கை கொடுத்தது. இல்லாவிட்டால் அந்த 15.42 என்ற எண்ணைப் பலகையில் எழுதுவதற்குச் சுண்ணக்கட்டியும் கடனுக்குத்தான் வாங்கியிருப்பார்கள்.

ஆகவே நான் சொல்லிவரும் 13, 23 எல்லாம் ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் வகுத்து வந்த ஈவு. இரண்டு நாட்டிலும் பலகை விலைக்கு வாங்கியவர்கள் ஒரு சாதி. தெரு விலைக்கு வாங்கியவர்கள் இன்னொரு சாதி. நீங்கள் எந்தச் சாதி என்பது உங்களுக்குத் தெரியும். வங்கியில் எத்தனை தேநீர் குடித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

காசைப் பற்றி ஒழுங்காக எழுதிய ஒருவர் அந்தத் தீவில் இருந்திருக்கிறார். மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா. 1343இல் மாலைதீவுக்கு வந்தார், காழியாக்கிவிட்டார்கள். அப்போது அங்கே காசு என்றால் சோழி. கடலில் பொறுக்கிய சோழி வங்காளம் வரை காசாக ஓடியது. பொன் தினார் ஒன்றுக்கு 4 இலட்சம் சோழி, மலிந்து போனால் 10 இலட்சம் வரை என்று குறித்து வைத்திருக்கிறார். 680 வருடத்துக்கு முந்திய நாணய வீழ்ச்சிக் குறிப்பு. பலகை விலை, தெரு விலை என்று இரண்டு எழுதவில்லை, இறங்கியதை இறங்கியது என்று எழுதினார். கடலுக்குத் தேர்தல் இல்லாதபடியால் சோழியும் தேவைக்கு மேல் அச்சாகவில்லை.

அவருக்கும் அங்கே வசீரோடு பிணக்கு. பதவியை விட்டுவிட்டுக் கப்பலேறினார். வந்து சேர்ந்த இடம் இலங்கை. புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று முத்துக்கள் கொடுத்து, சிவனொளிபாதமலைக்குப் போக ஆளும் பேரும் கூட்டிவிட்டார். மாலைதீவில் பதவியை விட்டு இலங்கைக்கு வந்தவருக்கு முத்து. இலங்கையை விட்டு மாலைதீவுக்குப் போனவருக்கு, அங்கே வேலை செய்யும் நம் இலங்கைப் பிள்ளைகள் வீதியில் கூடிக் கத்திய வரவேற்பு. ருஃபியாவில் சம்பளம் வாங்கி ரூபாயாக வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள், விகிதம் நன்றாகத் தெரிந்தவர்கள். கோட்டாபய மறுநாளே சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து மின்னஞ்சலில் இராஜினாமா அனுப்பினார். முத்திரைச் செலவு மிச்சம். சிக்கனம் அந்த ஆட்சிக்குக் கடைசி நாளில்தான் வந்தது.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. பொருளாதாரத்தைக் குலைத்து மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெயர் பெயராக: கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ, இரண்டு ஆளுநர்களான லக்ஷ்மனும் கப்ராலும், திறைசேரியின் ஆட்டிகல, ஜனாதிபதியின் செயலாளராயிருந்த பி. பி. ஜயசுந்தர. ஒரு குடும்பப் புகைப்படத்துக்கு வேண்டிய ஆட்கள், கொஞ்சம் உத்தியோகத்தரும் சேர்த்து. அன்று எங்கள் தெருவில் ஒருவர் வெடி கொளுத்தினார். ஒன்றுதான் கொளுத்தினார், வெடியும் விலை.

தண்டனை? அடிப்படை உரிமை மனு அது. சிறை இல்லை, அபராதம் இல்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள்.

பழக்கதோஷத்தில் நான் அதையும் மாற்றிப் பார்த்தேன். அன்றைய விலைக்கு ஒரு ருஃபியா 21 ரூபாய் சொச்சம். ஏழாயிரம் ருஃபியா. டொலரில் 460. மாலைதீவில் கடலுக்குள் கால் நட்டு நிற்கும் மரக் குடில்களில், நடுத்தரமான ஒன்றில், ஒருவர் ஓர் இரவு படுத்து எழும்பலாம். காலைச் சாப்பாடு தனிக் கணக்கு.